டாக்டருக்குப் போன் செய்தபோது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 14 மாதப் பெண் குழந்தை, எடை 9 கிலோ. இரவு 11 மணிக்கு 102.5 டிகிரி காய்ச்சல், அதற்குள் இரண்டு முறை வாந்தி. வழக்கமாகப் பார்க்கும் டாக்டருக்கு அம்மா போன் செய்கிறார். அவர் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, "பாராசிட்டமால் 5 மி.லி. கொடுங்கள், காலையில் கூட்டி வாருங்கள்" என்று சொல்லி வைத்துவிடுகிறார். வீட்டிலோ பாராசிட்டமால் இரண்டு பாட்டில் இருக்கிறது, ஒன்று சிரப், ஒன்று சொட்டு மருந்து. எதில் 5 மி.லி. என்று திரும்பக் கூப்பிட்டுக் கேட்கத் தயக்கம். சிரப்பை ஒரு முறை கொடுத்துவிட்டு விடியும்வரை குழந்தையின் நெற்றியைத் தொட்டபடி உட்கார்ந்திருக்கிறார். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. இப்போது கேட்கிறார்: போனில் மருத்துவம் பார்ப்பதை நம்பலாமா?

படித்துப் பார்த்தபோது, இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குத் தோன்றியது. குழந்தையைப் பார்க்காமல், தொடாமல், வெறும் பேச்சை வைத்து ஒரு டாக்டரால் எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பது ஒன்று. நான் சரியாகச் சொல்லத் தெரியாததால் என் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் உங்களைத் தூங்கவிடவில்லை என்று நினைக்கிறேன். நான் குழந்தை மருத்துவர். இருபது வருடங்களுக்கு மேலாக இரவு அழைப்புகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

போனை எடுக்கும்போது நான் என்ன நோய் என்று கண்டுபிடிக்க முயல்வதில்லை. என் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: இந்தக் குழந்தையை எவ்வளவு சீக்கிரம் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும்? இப்போதேவா, இன்றைக்குள்ளா, நாளைக் காலையிலா, அல்லது வீட்டிலேயே பார்த்துக்கொண்டால் போதுமா? இந்த நான்கில் ஒன்றைச் சரியாகத் தேர்ந்தெடுக்கப் போன் போதும். நல்ல கேள்விகளும் நல்ல பதில்களும் இருந்தால் நன்றாகவே போதும். நோயின் பெயரைச் சொல்வதற்குத்தான் அது போதாது. "வைரல் காய்ச்சல்தான்" என்று போனில் ஒரு டாக்டர் சொன்னால், அது அனுபவத்தில் விளைந்த ஊகம். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனாலும் ஊகம்தான், அதை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இது புதிய பழக்கமும் அல்ல. கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கியது 1876இல். மூன்றே வருடத்தில், 1879இல், லான்செட் மருத்துவ இதழில் ஒரு சிறு செய்தி வந்தது. நள்ளிரவில் ஒரு குழந்தைக்குக் கடும் இருமல். குரைப்பது போல இருமி மூச்சு அடைக்கும் 'குரூப்' நோயோ என்று வீட்டில் பயம். டாக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். அவர், குழந்தையைத் தூக்கிக் கருவியின் அருகில் பிடிக்கச் சொல்லி, இருமலைக் கேட்டுவிட்டு, இது குரூப் இல்லை என்றாராம். எனக்கு இந்தச் செய்தியில் பிடித்தது, அவர் வீட்டாரின் வர்ணனையோடு நிற்கவில்லை என்பது. இருமலையே தன் காதால் கேட்டார். போனில் நல்ல மருத்துவம் இன்றும் அப்படித்தான் நடக்கிறது. டாக்டருக்குக் கண்ணும் கையும் அங்கே இல்லை. உங்கள் கண்ணையும் கையையும் கடன் வாங்கித்தான் அவர் வேலை செய்கிறார்.

சரி, முதலில் அந்த இரண்டு பாட்டில்களுக்கு வருவோம். உங்கள் கதையில் உண்மையான ஆபத்து அங்கேதான் இருந்தது, காய்ச்சலில் இல்லை. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மி.கி. வரை. 9 கிலோவுக்கு 90 முதல் 135 மி.கி. சிரப் பாட்டில்களில் பெரும்பாலும் 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. இருக்கும். அதில் 5 மி.லி. என்றால் சரியான அளவு. டாக்டர் மனதில் இருந்தது இதுதான். ஆனால் 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பும் கடைகளில் உண்டு. அதில் 5 மி.லி. என்றால் இரண்டு மடங்கு. சொட்டு மருந்து இன்னும் அடர்த்தியானது. ஒவ்வொரு மி.லி.யிலும் 100 மி.கி. இருக்கும் வகையே அதிகம். அதில் 5 மி.லி. கொடுத்தால் 500 மி.கி. உள்ளே போகும், நான்கு மடங்கு. சின்னக் குழந்தைக்கென்று சின்ன பாட்டிலில் வருவதால் அது லேசான மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். குழந்தை சில துளிகளிலேயே விழுங்கி முடிக்க வேண்டும் என்பதற்காக அதை அடர்த்தியாகச் செய்கிறார்கள். ஒரு நாளில் நான்கு முறை இப்படி நான்கு மடங்கு போனால் கல்லீரல் கெட்டுப்போகும்.

நீங்கள் சிரப்பை எடுத்தது நல்லதாயிற்று. அது 125ஆ, 250ஆ என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும், ஒரே ஒரு முறை கொடுத்ததோடு நிறுத்தியதால் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் "5 மி.லி." என்று மட்டும் சொன்னது டாக்டரின் குறை, உங்கள் குறை அல்ல. எந்த பாட்டில் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்காத டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடலாம்: பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் மேல் எழுதியிருப்பதை அப்படியே வாசியுங்கள். மருந்தின் பெயர், எத்தனை மி.லி.யில் எத்தனை மி.கி., குழந்தையின் இப்போதைய எடை. இந்த மூன்றையும் கேட்ட பிறகு எந்த டாக்டரும் தப்பான அளவைச் சொல்வது கடினம். அளக்கும்போது சமையலறைக் கரண்டி வேண்டாம். பாட்டிலோடு வரும் அளவு மூடியோ, ஊசி இல்லாத சிரிஞ்சோ போதும். இன்னொரு மருந்தில், சளி மருந்து போன்றவற்றில், பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கலாம் என்பதால், அன்று கொடுத்த எல்லா மருந்துகளையும் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து, என்ன சொல்ல வேண்டும், எந்த வரிசையில். பெற்றோர் பெரும்பாலும் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்வார்கள்: மூன்று நாளைக்கு முன் லேசாகச் சளி, அப்புறம் அக்கா பள்ளியிலிருந்து காய்ச்சலோடு வந்தாள், நேற்று சாப்பிடவில்லை என்று. அது இயல்பு. ஆனால் இரவில் போனில், இந்த நிமிடத்திலிருந்து பின்னோக்கிச் சொன்னால் எனக்கு உதவி. குழந்தையின் வயது, எடை, இப்போது எப்படி இருக்கிறாள், உங்களைப் பயமுறுத்தியது எது, அதற்குப் பிறகு பழைய கதை. குறை மாதத்தில் பிறந்திருந்தாலோ, இதய நோய், வலிப்பு நோய், சர்க்கரை நோய் போன்றவை இருந்தாலோ முதல் வாக்கியத்திலேயே வர வேண்டும். அந்தக் குழந்தைகளுக்கு நான் இங்கே சொல்லும் எண்களும் நேரங்களும் அப்படியே பொருந்தாது. அவர்களை அறிந்த டாக்டர் சொல்வதுதான் கணக்கு. அப்புறம், குழந்தை அருகில் இருப்பவரே பேச வேண்டும். வேலையிடத்திலிருந்து அப்பா பேசி, அவர் வீட்டுக்குக் கேட்டு, மறுபடி எனக்குச் சொல்வதற்குள் பாதி விஷயம் வழியிலேயே தொலைந்துவிடும்.

"இப்போது எப்படி இருக்கிறாள்" என்பதற்குப் பதில் சொல்வதில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. அதில் நானும் பங்கு வகித்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், எட்டு மாதக் குழந்தைக்குப் பேதி என்று ஒரு தந்தை இரவில் கூப்பிட்டார். இப்போது எப்படி என்று கேட்டேன். "அழுதுக்கிட்டே இருந்தான் டாக்டர், இப்பதான் நல்லா தூங்குறான்" என்றார். அந்தப் பதிலில் நான் ஆறுதல் அடைந்துவிட்டேன். தூங்கட்டும், காலையில் பார்க்கலாம் என்றேன். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பாட்டி கூப்பிட்டார்: "பால் குடுக்க எழுப்புறேன், கண்ணே தொறக்க மாட்டேங்கிறான்." அது தூக்கம் இல்லை, உடலில் நீர் வற்றி வந்த மயக்கம். நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, குழந்தை தேறிவிட்டான். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் மறக்கவில்லை. தந்தை பொய் சொல்லவில்லை, அவர் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார். "எழுப்பிப் பாருங்கள், நான் போனில் இருக்கிறேன்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு அழைப்பிலும் சொல்கிறேன். உங்கள் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் செய்து பாருங்கள். விளக்கைப் போட்டு, தூக்கி, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கண்ணைத் திறந்து உங்களைப் பார்த்து, சிணுங்கி, மறுபடி தூங்கினால் அது தூக்கம். துவண்டு விழுந்தால், பார்வை உங்கள் மேல் நிற்காவிட்டால், போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

அடுத்தது மூச்சு. இதை வார்த்தையில் சொல்வதைவிட எண்ணிச் சொல்வது மேல். சட்டையைத் தூக்கிவிட்டு, குழந்தை அழாத நேரத்தில், வயிறும் நெஞ்சும் ஒரு முறை உயர்ந்து தாழ்வதை ஒன்று என்று வைத்து, முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் சின்னக் குழந்தைகளில் தப்பாகும், ஏனென்றால் அவர்கள் மூச்சு சீராக ஓடாது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைகளைத்தான் நான் பின்பற்றுகிறேன்: 2 மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது முடியும்வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேக மூச்சு. உங்கள் குழந்தைக்கு எல்லை 40. காய்ச்சலே மூச்சை வேகப்படுத்தும் என்பதால், காய்ச்சல் இறங்கிய பின் இன்னொரு முறை எண்ணுவது நியாயம். ஆனால் மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, ஒவ்வொரு மூச்சை விடும்போதும் முனகினாலோ, உதடோ நாக்கோ நீலம் பூத்தாலோ, எண்ணுவதற்கும் காய்ச்சல் இறங்குவதற்கும் காத்திருக்கக் கூடாது.

காய்ச்சலின் எண்ணைப் பற்றி மக்கள் படும் கவலை அளவுக்கு நான் படுவதில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி, அதாவது 38 செல்சியஸ், அல்லது அதற்கு மேல் வந்தால், சிரித்துக்கொண்டு இருந்தாலும், இரவானாலும், உடனே நேரில் காட்ட வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்று முதல் ஆறு மாதம் வரை 102.2 டிகிரி தாண்டினால் அன்றே காட்டிவிடுவது நல்லது. அதற்கு மேற்பட்ட வயதில், 103 டிகிரியில் விளையாடும் குழந்தையைவிட 101 டிகிரியில் துவண்டு கிடக்கும் குழந்தைதான் எனக்குப் பயம். பாராசிட்டமால் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கிவிட்டது என்பதை வைத்து நோய் லேசானது என்று முடிவு செய்ய முடியாது. கடுமையான தொற்றிலும் அது இறங்கும். எங்கே வைத்து அளந்தீர்கள் என்றும் சொல்லுங்கள். கையிடுக்கில் வைத்தால் உள்ளே இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும்.

வாந்திக்கு, எத்தனை முறை என்பதோடு நிறத்தையும் சொல்லுங்கள். கரும்பச்சையாகப் பித்தம் கலந்து வந்தால், முக்கியமாகக் கைக்குழந்தைக்கு, குடல் அடைத்திருக்கலாம். அது போனில் பேசும் விஷயமே அல்ல. கடைசியாக எப்போது சிறுநீர் போனாள், டயபர் கனமாக இருந்ததா, அழுதால் கண்ணீர் வருகிறதா, வாய் ஈரமாக இருக்கிறதா, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறதா. இவற்றை நீங்கள் பார்த்துச் சொன்னால் நீர் வற்றியிருக்கிறதா என்று என்னால் ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடியும். ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீரே இல்லை என்றால் நேரில் வரச் சொல்வேன். வீட்டில் ஓ.ஆர்.எஸ். கொடுக்கும்போது, ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். கொஞ்சம் பொடி, கொஞ்சம் தண்ணீர் என்று கலந்தால் உப்பு கூடிப்போய் ஆபத்தாகும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஒரு சின்னக் கரண்டி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து இன்னொரு சின்னக் கரண்டி. டம்ளரில் கொடுத்தால் தாகத்தில் மடமடவென்று குடித்துவிட்டு மொத்தமும் வெளியே வரும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்த வேண்டாம். மருந்து கொடுத்து எத்தனை நிமிடத்தில் வாந்தி வந்தது என்று குறித்துவையுங்கள். கொடுத்த கையோடு வெளியே வந்தது வேறு, அரை மணி நேரம் கழித்து வந்தது வேறு. பின்னதில் மறுபடி கொடுக்கக் கூடாது.

சிலவற்றுக்கு டாக்டரின் எண்ணைத் தேடவே வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டிய வலிப்பு, பட்டன் பேட்டரி விழுங்கியது, மண்ணெண்ணெய் போன்றவற்றைக் குடித்தது, காய்ச்சலோடு கண்ணாடி டம்ளரால் அழுத்தினாலும் மறையாத, தோலில் வரும் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள், தலையில் அடிபட்ட பின் திரும்பத் திரும்ப வாந்தி, ஆண் குழந்தைக்குத் திடீரென விரையில் வலி. இவற்றில் போனில் செலவாகும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், பேசுவதை வழியில் பேசலாம். வலிப்பு வந்தால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், கடிகாரத்தைப் பாருங்கள். விழுங்கிய விஷத்துக்கு வாந்தி எடுக்கவைக்காதீர்கள்.

இனி போனில் என்னால் முடியாதவை. காது வலிக்கிறது என்றால், செவிப்பறையைப் பார்க்காமல் அது சீழா, வெறும் சளி அழுத்தமா என்று சொல்ல முடியாது. வயிற்று வலி இன்னும் கடினம், ஏனென்றால் அங்கே விரல்தான் சாட்சி. பெரிய குழந்தை என்றால் எழுந்து குதிக்கச் சொல்வேன். வலிக்குப் பயந்து குதிக்க மறுத்தால் அன்றே பார்க்க வேண்டும். உற்சாகமாகக் குதித்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும், ஆனால் குடல்வால் அழற்சி இல்லை என்று அதை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். தோலில் வரும் தடிப்பைப் போட்டோவில் பார்த்துச் சொல்வதில் நான் சரியாகவும் சொல்லியிருக்கிறேன், தவறியும் இருக்கிறேன். மஞ்சள் காமாலையைப் போட்டோவில் பார்த்து நான் ஒருபோதும் "இல்லை" என்று சொல்வதில்லை. அறையின் விளக்கு நிறத்தை மாற்றிவிடும். ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். பார்க்காத தொண்டைக்கும் கேட்காத நெஞ்சுக்கும் நான் எழுதுவதில்லை. கேட்டால் உடனே போனில் எழுதிக் கொடுப்பவர் நல்ல டாக்டர் என்றும், எழுதாதவர் அக்கறை இல்லாதவர் என்றும் எண்ணிவிடாதீர்கள்.

வீடியோ அழைப்பு உதவும், ஆனால் பலர் நினைக்கும் விதத்தில் அல்ல. அழைப்புச் செயலிகள் பின்னணி இரைச்சலை வடிகட்டும். குழந்தையின் இளைப்பும் மூச்சுச் சத்தமும் அந்த வடிகட்டலில் காணாமல் போய்விடும். அதனால் நான் கேட்பது, சாதாரணக் கேமராவில் எடுத்து அனுப்பும் அரை நிமிட வீடியோ. சட்டை இல்லாமல், நல்ல வெளிச்சத்தில், முகம் முதல் தொப்புள் வரை தெரிய, யாரும் பேசாமல். அதில் நெஞ்சின் அசைவையும் சத்தத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடியும்.

உங்கள் அழைப்புக்குத் திரும்புகிறேன். அந்த டாக்டர் சொன்ன முடிவு, அதாவது காய்ச்சல் மருந்து, காலையில் நேரில் வருவது, பெரும்பாலும் சரியான முடிவுதான். விழித்திருக்கும், பால் குடிக்கும், மூச்சு சீரான 14 மாதக் குழந்தைக்கு நானும் அதையே சொல்லியிருப்பேன். விடுபட்டது, காலைக்குள் எது நடந்தால் காத்திருக்கக் கூடாது என்ற பகுதி. அதைச் சொல்லாமல் வைக்கும் டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்: "எதைப் பார்த்தால் நான் உடனே வர வேண்டும்? எத்தனை மணிக்குள் சரியாகவில்லை என்றால் மறுபடி கூப்பிட வேண்டும்?" அவர் சொன்ன மருந்தின் பெயர், அளவு, எத்தனை மணிக்கு ஒரு முறை என்பதைத் தாளில் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டிவிட்டு வையுங்கள். இதற்கு அரை நிமிடம்தான் ஆகும்.

மறுபடி கூப்பிட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கினீர்கள். ஒரே இரவில் இரண்டாவது முறை ஒரு அம்மா கூப்பிட்டால், என் பக்கத்தில் நடப்பது இதுதான்: முதல் முறை நான் எதையோ கேட்காமல் விட்டிருக்கிறேன், அல்லது குழந்தையின் நிலை மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எழுந்து உட்காருகிறேன். என்னவென்று சொல்லத் தெரியாமல் "ஏதோ சரியில்லை டாக்டர்" என்று மட்டும் ஒரு அம்மா சொன்னாலும், அதையே ஓர் அறிகுறியாகக் கணக்கில் வைத்து நேரில் வரச் சொல்கிறேன். அன்று நீங்கள் பேச வேண்டியிருந்தது ஒரே வாக்கியம்தான்: "டாக்டர், வீட்டில் இரண்டு பாட்டில் இருக்கிறது, மேலே எழுதியிருப்பதை வாசிக்கிறேன், எது என்று சொல்லுங்கள்."